இடைவெளி முளைத்த ஊர்

சாத்தங்குறிச்சியில் தண்ணீர் திறந்துவிடும் வேலையை மனிதர் கையிலிருந்து மெஷின் வாங்கிக்கொண்ட சித்திரை மாதத்தில், ஒரு நாள் காலை ஊர் எழுந்து பார்த்தபோது, நேற்றுவரை இல்லாத இடம் தெருக்களுக்கு நடுவே இருந்தது. வேளார் சந்தின் கடைசி வீடும் சந்தைத் தெருவின் முதல் வீடும் ஒரே சுவரை முதுகுக்கு வைத்துக்கொண்டு காலங்காலமாக நின்றவை, இப்போது ஆளுக்கொரு சுவராக, காரையில் ஒரு கீறல்கூட விழாமல், மாட்டுவண்டி தாராளமாகத் திரும்பும் அகலத்துக்குத் தள்ளித் தள்ளி நின்றன. அதேபோல் கிணற்றுச் சந்து முடிந்து பள்ளிவாசல் தெரு தொடங்கும் இடத்தில் ஒன்று, செக்குச் சந்து முடிந்து காளவாசல் தெரு தொடங்கும் இடத்தில் ஒன்று, ஆக மூன்று இடங்களில் மண்ணும் ஆகாயமும் மட்டும் இருந்தன.

பால்காரர் சைக்கிளை நிறுத்தி, காலை ஊன்றிப் பார்த்துவிட்டு, "இனிமே ரெண்டு மிதி கூடப் போடணும்" என்று சொல்லிக்கொண்டு போனார். சுவரில் இருந்த சின்ன ஜன்னல் வழியாகக் குழம்புக் கிண்ணம் கைமாற்றிக்கொண்ட இரண்டு வீட்டுப் பெண்கள், கிண்ணத்தோடு கையை நீட்டி, எட்டாமல் போகவே வாசல் வழியாகச் சுற்றி நடந்து வந்து கொடுத்தார்கள். தாலுகா ஆபீசிலிருந்து சர்வேயர் வந்து சங்கிலி பிடித்து அளந்து, ஊரின் மொத்த அளவு வரைபடத்தில் உள்ளபடியே இருக்கிறது, உள்ளே மட்டும் கூடியிருக்கிறது என்று எழுதிக்கொண்டு, மோர் வாங்கிக் குடித்துவிட்டு பஸ் ஏறினார்.

இடங்கள் வெற்றிடம்தான் என்றாலும் சுத்தமாக இல்லை. எப்போதோ எதுவோ இருந்துவிட்டுப் போன மிச்சம் அங்கங்கே கிடந்தது. ஒற்றைச் செருப்பு, பாதி எழுத்துள்ள பெயர்ப்பலகை, ஒரு கதவின் தாழ்ப்பாள். இவை தவிர, யாரோ சொல்லி முடித்த பேச்சின் பின்பாதியும் தரையோடு கிடந்தது. நடுவில் நின்றால் கணுக்கால் உயரத்தில், "...ன்னு அவகிட்ட மட்டும் சொல்லிராத" என்று ஒரு குரல் கேட்கும். முன்பாதி என்னவாக இருக்கும் என்று யோசித்தபடி பெண்கள் சுளகை எடுத்துக்கொண்டு அங்கேயே வந்து உட்கார்ந்து உளுந்து புடைத்தார்கள். பையன்கள் கம்பு நட்டு வலை கட்டினார்கள். ரோட்டோரத்தில் தையல் மெஷின் போட்டு லாரிப் புழுதியில் இருமிக்கொண்டிருந்த காதர் மைதீன், செக்குச் சந்துப் பக்கத்து இடத்துக்கு மெஷினைத் தூக்கிவந்து ஒரு தகரத்தைச் சாய்த்துக்கொண்டார். கல்யாணம் ஆகி இரண்டு வருஷமாக மாமியார் வீட்டு அடுக்களை மூலையில் திரைச்சீலை கட்டிப் படுத்துவந்த பொன்செல்வி, புருஷனோடு வந்து காதர் மைதீனுக்குப் பக்கத்தில் ஓலை வேய்ந்து ஒரு அறை போட்டாள். அவளுக்கு அப்போது ஆறாவது மாதம். யாருடைய இடம் என்று யாரும் கேட்கவில்லை. முளைத்த இடத்துக்கு யார் பட்டா கேட்பது? சப்பரம் வரும் நாளில் சாமியே அந்தப் பக்கம் ஒரு திருப்பம் திரும்பிப் போனது.

ஆனால் காளவாசல் தெருவில் தண்ணீர் வரவில்லை.

முதல் நாள் வராதபோது, புது மெஷின், பழகட்டும் என்று இருந்தார்கள். வாரம் ஓடியும் குழாயில் காற்றுகூட வரவில்லை. சுண்ணாம்புக் காளவாசலில் வேலை பார்த்த கையோடு குளிக்க வழியில்லாமல், கண்ணிமையில் வெள்ளைப் பொடியோடு ஆண்களும் பெண்களும் படுத்து எழுந்தார்கள். கடைசியில் முப்பிடாதி என்பவள், காளவாசலில் கல் பொறுக்குகிறவள், எதையும் முழுசாகத் தெரிந்துகொள்ளாமல் விடாதவள், காலிக்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, பின்னால் தெருவே திரண்டு வர, மெஷின் செய்து கொடுத்த கம்பெனிக்குப் போனாள்.

கம்பெனி என்பது பழைய தீப்பெட்டிக் குடோனில் ஐந்து பேர் உட்கார்ந்து வேலை செய்யும் இடம். ஊர்த் தொட்டிக்கடியில் இருக்கும் அறையில், எந்தத் தெருவுக்கு எவ்வளவு நேரம் வால்வைத் திறப்பது என்று முடிவு செய்யும் மின்சுற்று அட்டையைச் செய்தவர்கள் அவர்கள். அந்த அட்டையோடு கம்ப்யூட்டர் பேசுவதற்கான, டிரைவர் என்று அவர்கள் சொல்லும் புரோகிராமை எழுதியவன் ஆவுடையப்பன், இருபத்தைந்து வயதுக்காரன். ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்துப் பார்த்து, ஏன் இப்படி, ஏன் அப்படி என்று கேட்ட பிறகுதான் மெஷினில் ஏற்ற வேண்டும் என்பது அங்கே வழக்கம். அப்படிக் கேட்கிற வேலை ஹெப்சிபாவுக்கு. தங்கை பிரசவத்துக்காக அவள் நாசரேத் போயிருந்த சமயம் பார்த்துப் பேரூராட்சி அவசரப்படுத்த, ஆவுடையப்பன் படிக்க ஆளில்லாமலே ஏற்றிவிட்டான். அவள் அன்று காலைதான் திரும்பி வந்திருந்தாள்.

"எங்க தெரு எங்க போச்சுன்னு கேக்க வந்திருக்கோம்" என்றாள் முப்பிடாதி.

"தெரு அங்கதான இருக்கு அக்கா" என்றான் ஆவுடையப்பன்.

"எங்களுக்கு இருக்கு. உங்க மெஷினுக்கு இருக்கான்னு பாரு."

அவன் வாயைத் திறப்பதற்குள் ஹெப்சிபா, "அவங்க கேக்கறதுதான் சரியான கேள்வி" என்று சொல்லி, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து புரோகிராமைத் திறந்தாள். "பாத்துட்டுச் சொல்லுதேன் அக்கா. டிரைவர்லதான் ஏதோ இருக்கும்."

இந்த ஒரு வார்த்தை கூட்டத்தின் பின்வரிசைக்குப் போவதற்குள், தண்ணீர் லாரி டிரைவர் ஒருவன்தான் காரணம் என்று ஆகி, அவனை உடனே மாற்றச் சொல்லி இரண்டு பேர் பேரூராட்சிக்குப் புறப்பட்டுவிட்டார்கள்.

ஹெப்சிபா, மெஷினின் ஞாபகத்தில் எது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதைக் காகிதத்தில் கட்டம் போட்டு வரைந்தாள். ஊரில் எப்படி இருக்கிறதோ அதே வரிசையில்தான் ஆவுடையப்பன் எழுதியிருந்தான்: மேலரத வீதி, வேளார் சந்து, சந்தைத் தெரு, கிணற்றுச் சந்து, பள்ளிவாசல் தெரு, செக்குச் சந்து, காளவாசல் தெரு. பெரிய தெரு ஒவ்வொன்றுக்கும் நாலு அறை, சந்து ஒவ்வொன்றுக்கும் ஒரு அறை. ஒரு தட்டுக்கு நாலு அறை. பெரியதை எப்போதும் தட்டின் முதல் அறையிலிருந்துதான் மெஷின் வைக்கும், நடுவில் தொடங்காது. ஆகவே ஒவ்வொரு சந்துக்குப் பிறகும் மூன்று அறையை அது சும்மா விட்டிருந்தது. மூன்று சந்து, மூன்று இடைவெளி. அவள் காகிதத்தைத் தூக்கி ஜன்னலுக்கு நேரே பிடித்தாள். காகிதத்தில் கட்டம் காலியாக இருந்த இடத்தில்தான் வெளியே ஊரும் காலியாக இருந்தது. தேடிய மூக்குக்கண்ணாடி தலையிலேயே இருப்பதைக் கண்டவளைப்போல அவள் "ஓ" என்றாள், அதற்குமேல் ஆச்சரியப்படவில்லை.

"காலி அறையத் துடைக்காமலே விட்டுருக்க ஆவுடை. அதான் செருப்பும் பேச்சுமாக் கெடக்கு."

"அத யாரும் படிக்கப் போறதில்லன்னு விட்டேன் அக்கா."

"ஊரே உக்காந்து கேட்டுக்கிட்டிருக்கு. சரி, அட்டை எத்தனை தட்டுப் படிக்கும்?"

"ஆறு. அதுக்குமேல படிக்காது. செய்யும்போதே அப்படிச் செஞ்சாச்சு, மாத்த முடியாது." சொல்லிக்கொண்டே வந்தவன் காகிதத்தைப் பார்த்து நிறுத்தினான். காளவாசல் தெரு ஏழாவது தட்டில் இருந்தது.

"இப்பவே சரி பண்ணிருதேன். எல்லாத்தையும் நெருக்கி வைன்னு ஒரே ஒரு வார்த்த போட்டாப் போதும், இடைவெளியே இருக்காது, காளவாசல் உள்ள வந்துரும்" என்று பரபரத்து, அவள் வேண்டாம் என்பதற்குள் அந்த வார்த்தையைத் தட்டி அட்டைக்கு அனுப்பினான்.

செக்குச் சந்துப் பக்கம் ஒரு கூக்குரல் எழுந்தது. ஹெப்சிபா ஓடிப்போய்ப் பார்த்தபோது, இரண்டு பக்கச் சுவர்களும் அவசரமில்லாமல், மாடு அசைபோடுகிற நிதானத்தில், ஒன்றை நோக்கி ஒன்று வந்துகொண்டிருந்தன. காதர் மைதீனின் தையல் மெஷின் சக்கரம் சுவரில் உரசித் தீப்பொறி பறந்தது. ஓலை அறைக்குள்ளிருந்து பொன்செல்வி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். "ஆவுடை, திருப்பு! பழசையே போடு!" என்று ஹெப்சிபா கத்திய சத்தம் குடோன்வரை கேட்டது. சுவர்கள் நின்றன, பிறகு, தப்பான வாசலைத் தட்டிவிட்ட ஆள் விலகுவதுபோலப் பின்னால் போயின.

"நெருக்கி வச்சாலும் மெஷினுக்கு ஆகாது" என்று திரும்பி வந்து அவனிடம் சொன்னாள். "பெரிய தெருவ நடு அறையில தொடங்குனா ஒருநாள் இல்ல ஒருநாள் இந்த அட்டை இடறி நிக்கும். அப்போ ஒருத்தருக்கும் தண்ணி இல்ல. அதவிட, அங்க மனுஷங்க இருக்காங்க."

அன்று சாயங்காலம் தொட்டியடியில் ஊர் கூடியது. செக்குச் சந்துக்காரர்கள் ஒரு பக்கம், காளவாசல்காரர்கள் ஒரு பக்கம், நடுவில் மேலரத வீதியின் அனஞ்சபெருமாள், ஓய்வுபெற்ற தமிழாசிரியர், நாற்காலியில். காதர் மைதீன் உரசிப்போன சக்கரத்தைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். "நான் வேணும்னா ரோட்டுக்கே போயிருதேன். இந்தப் புள்ள எங்க போகும்?" என்றார்.

"அவளுக்குப் படுக்க எடம் வேணும், வேண்டாங்கல" என்றாள் முப்பிடாதி. "எங்களுக்குக் குடிக்கத் தண்ணி வேணும். ரெண்டுல ஒண்ணுதான்னு யாரு சொன்னா? அதத்தான் நான் கேக்கேன்."

ஹெப்சிபா சுண்ணாம்புக் கட்டி ஒன்றை எடுத்து சிமெண்டுத் தரையில் ஆறு தட்டு வரைந்தாள்; அதற்குக் கீழே ஏழாவதைப் புள்ளி புள்ளியாக வரைந்தாள். பெரிய தெருவுக்கு ஒரு குடத்தையும், சந்துக்கு ஒரு செம்பையும் வாங்கி அந்தந்த இடத்தில் வைத்தாள். ஊர் குனிந்து பார்த்தது. பின்னால் நின்றவர்கள் முன்னால் நின்றவர்களின் தோள்மேல் ஏறிப் பார்த்தார்கள். ஒவ்வொரு செம்புக்குப் பக்கத்திலும் காலியாக இருப்பதைக் கண்டு ஒரு கிழவர், "அட, நம்ம சந்துல்ல அது" என்றார். பிறகு அவள் செம்புகளை எல்லாம் எடுத்தாள். நாலு குடத்தையும் ஒன்றன்கீழ் ஒன்றாக நாலு தட்டில் வைத்தாள். மூன்று செம்பையும் ஐந்தாவது தட்டில் சேர்த்து வைத்தாள். ஆறாவது தட்டு அப்படியே காலியாக இருந்தது.

"பெருசு முன்னால, சிறுசு பின்னால. இடைவெளி நடுவுல வேண்டாம், கடைசியில ஒரே இடமா இருக்கட்டும். அதுக்கு ஒரு பேர் போட்டு ஒதுக்கி வச்சிருவோம். காதர் பாயும் பொன்செல்வியும் பந்து வெளையாடுறவங்களும் அங்க இருந்துக்கலாம். காளவாசலுக்குத் தண்ணியும் வரும்."

"அப்போ வீடெல்லாம் நகருமா?" என்று ஒருவன் கேட்டான்.

"நகரும்."

"கெணறு?"

"தெருவோட சேந்து வரும்."

"வெயில் எந்தப் பக்கம் விழும்?" "நாய் கூட வருமா?" "போஸ்ட்மேனுக்கு யாரு சொல்றது?" கேள்விகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. பயத்தில் கேட்டவர் குறைவு. தேர் எந்த வழி வரும் என்று கேட்கிற குரலில்தான் அவர்கள் கேட்டார்கள். அனஞ்சபெருமாள் மட்டும் முதல் குடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தொட்டிக்குப் பக்கத்தில் முதல் தட்டில் அவள் வைத்திருந்தது முப்பிடாதி கொடுத்த குடம்.

"அது எந்தத் தெரு?"

"காளவாசல் தெரு சார். அங்கதான் வீடு அதிகம். அதனால முதல்ல."

"பெரிய தெரு முன்னால வரணும், சரி. ஆனா பெருசுக்குள்ள இதுதான் முதல்ல வந்தாகணும்னு உன் மெஷின் சொல்லுதா?"

ஹெப்சிபா கையில் ஒட்டிய சுண்ணாம்பைத் தட்டிவிட்டாள். பொய் சொல்லியிருக்கலாம், ஆமாம், மெஷின் சொல்கிறது என்றால் அங்கே மறுத்துப் பேச ஆள் இல்லை. "இல்ல சார். நாலுல எது முதல்ல இருந்தாலும் மெஷினுக்கு ஒண்ணுதான்."

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. அனஞ்சபெருமாள் துண்டைச் சரிசெய்துகொண்டார். "அப்போ மேலரத வீதி முதல்ல இருக்கட்டும். இல்லன்னா என் வாசலுக்கு எதுத்தாப்புல காளவாசல் வந்து நிக்கும். நான் ஒண்ணும் தப்பாச் சொல்லல. ஊருக்குன்னு ஒரு வரிசை இருக்குல்ல."

"அந்த வரிசைய யாரு எழுதுனது?" என்றாள் முப்பிடாதி.

ஆவுடையப்பன்தான் மெதுவாகக் கையைத் தூக்கினான். "நாந்தான் எழுதுனேன் அக்கா. யோசிச்சு எழுதல. ஊருல தெருப் பேரச் சொல்லச் சொன்னா எல்லாரும் எப்படிச் சொல்வாங்களோ, சின்னதுலேருந்து கேட்ட மாதிரியே எழுதிட்டேன். நீங்க கடைசியிலதான் வருவீங்க."

முப்பிடாதி அவனை வையவில்லை. வைதிருந்தால் அவனுக்குச் சுகமாக இருந்திருக்கும்.

ஹெப்சிபா ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் எடுத்து அனஞ்சபெருமாளிடம் நீட்டினாள். "சார், எங்க வேலையில ஒரு முறை உண்டு. எத எங்க வைக்கிறோமோ, அது ஏன் அங்க இருக்குன்னு பக்கத்துலயே ஒரு வரி எழுதி வைக்கணும். பின்னால வர்றவங்க படிச்சாப் புரியணும். காளவாசல் முதல்லன்னா, 'வீடு அதிகம்'னு நான் எழுதுவேன். மேலரத வீதி முதல்லன்னா என்ன எழுதணும்னு நீங்க எழுதிக் குடுங்க. அப்படியே போட்டுருதேன். சத்தியமாப் போட்டுருதேன்."

அவர் பேனாவை வாங்கிக்கொண்டார். முப்பத்தைந்து வருஷம் கரும்பலகையில் முத்து முத்தாக எழுதிய கை அது. தாளை முழங்காலில் வைத்து, 'வழக்கம்' என்று எழுதினார். எழுதியதைப் படித்தார். பள்ளிக்கூடத்தில் அரைகுறை விடையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அடித்தார். கொஞ்ச நேரம் கழித்து வேறு ஏதோ எழுதத் தொடங்கி, முதல் எழுத்தோடு நிறுத்தினார். அவருக்கு வார்த்தை தெரியாமல் இல்லை. அந்த வார்த்தையைத் தன் கையெழுத்தில் பார்க்க அவரால் முடியவில்லை என்பது அருகில் நின்றவர்களுக்குத் தெரிந்தது. விளக்கு வைக்கும் நேரமாகியும் அவர் குனிந்தே இருந்தார். யாரும் அவசரப்படுத்தவில்லை. பிறகு பேனாவை மூடி ஹெப்சிபாவிடம் கொடுத்தார், தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"வீடு நகரும்போது உள்ள இருக்கவங்களுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார்.

"தெரியல சார். எனக்கும் அதப் பாக்கணும்னுதான் இருக்கு."

மறுநாள் பட்டப்பகலில், எல்லோரும் விழித்திருக்க, அடுப்பை அணைத்துவிட்டு, உறியில் தொங்கிய பானைகளைத் தரையில் இறக்கிவைத்துவிட்டு, கன்றுக்குட்டிகளை அவிழ்த்துவிட்டு ஊர் காத்திருந்தது. ஹெப்சிபா ஒவ்வொரு வரியாக மறுபடி படித்தாள். காலி அறைகளை முதலில் துடைத்துவிட்டு அனுப்பு என்று ஒரு வரி கூட்டச் சொன்னாள். ஆவுடையப்பன் கூட்டினான். படித்தேன், சரி, என்று அவள் தன் பெயரைப் போட்டாள். அட்டைக்கு அனுப்பினார்கள்.

வீடுகள் நகர்ந்தன. பஸ்ஸில் பிள்ளைத்தாய்ச்சி ஏறினால் சீட்டில் இருப்பவர்கள் இடுப்பை அசைத்துத் தள்ளி உட்காருவார்களே, அப்படித்தான். முனகல் இல்லாமலும் இல்லை. சந்தைத் தெரு முருங்கைமரங்கள் பூவை உதிர்த்துக்கொண்டே போயின. பள்ளிவாசல் தெரு தன் மினாரையும் புறாக்களையும் கூட்டிக்கொண்டு போக, புறாக்கள் ஒரு வட்டமடித்துவிட்டு இறங்க இடம் தேடின. வேளார் சந்தும் கிணற்றுச் சந்தும் செக்குச் சந்தும், வெகுகாலம் பேசிக்கொள்ளாத தங்கச்சிமார் ஒரே பாயில் உட்கார்ந்ததுபோல, தோளோடு தோள் சேர்ந்தன. மூன்று இடைவெளிகளும் மனிதர்களையும் தகரத்தையும் ஓலையையும் தூக்கிக்கொண்டு கடைசிக்குப் போய் ஒரே மைதானமாக விரிந்தன. தரையோடு கிடந்த பாதிப் பேச்சுகள் அங்கே இல்லை, தண்ணீர் தெளித்துப் பெருக்கிய வாசல்போல மண் இருந்தது. எல்லாவற்றுக்கும் முன்னால், தொட்டியின் நிழல் விழும் இடத்தில், சுண்ணாம்பு படிந்த கூரைகளோடு காளவாசல் தெரு வந்து நின்றது. உள்ளே இருந்தவர்களுக்கு எப்படி இருந்தது என்று பிறகு விசாரித்தபோது, ஒருவர் சொன்னதுபோல் இன்னொருவர் சொல்லவில்லை.

எல்லோருக்கும் திருப்தி என்று சொல்ல முடியாது. மேலரத வீதியில் இரண்டு வீட்டார் காளவாசலைப் பார்த்த வாசலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டு, கொல்லைப்புறத்தில் வாசல் வைத்துக்கொண்டார்கள். இன்றுவரை கல்யாணப் பத்திரிகை வைக்கப் போகிறவர்கள் சுற்றித்தான் போக வேண்டும். அனஞ்சபெருமாள் அடைக்கவில்லை. எதிரே யார் யார் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பதற்கு நாற்காலியை வாசலிலேயே போட்டுக்கொண்டார். ஆடி பிறந்து பொன்செல்விக்கு மைதானத்து ஓலை அறையில் பெண் குழந்தை பிறந்தது.

தண்ணீர் வந்த அன்றே, கூந்தல் ஈரம் சொட்டச் சொட்ட முப்பிடாதி தனியாகக் குடோனுக்கு வந்தாள். இமையில் பொடி இல்லாத அவள் முகத்தை ஆவுடையப்பனுக்கு அடையாளம் தெரியவில்லை.

"எங்க தெரு அதுக்குள்ள எங்க இருக்கு? காட்டு" என்றாள்.

ஹெப்சிபா திரையைத் திருப்பி, முதல் வரியைக் காட்டினாள். முப்பிடாதிக்கு அந்த எழுத்து தெரியாது. விரலை வைத்து இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தடவிப் பார்த்தாள். கடைசியில் ஒரு நீர்த்துளி கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு, கீழே இருந்த எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டியது.

"இம்புட்டுத்தானா?"

"இம்புட்டுத்தான் அக்கா."

"எடுத்து மேல வைக்க எம்புட்டு நேரம் ஆச்சு?"

ஹெப்சிபா ஆவுடையப்பனைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். "ஒரு நிமிஷம்கூட ஆகல" என்றாள்.